ரிப்பன் கணக்கு

ஆடியில் ஒத்திகை நடந்தது.
ஹாஜா டெய்லர் கடையில் மூன்று சுருள் வாங்கினோம்:
சிவப்பு, மஞ்சள், பச்சை.
கருப்பையும் சீட்டில் எழுதியிருந்தேன்.
தலைமை மருத்துவர் பேனாவால் அடித்தார்.
"ஒத்திகைக்கு எதுக்கு சிஸ்டர் அது?"

நர்சிங் மாணவிகள் சிவப்பு மை பூசிக்கொண்டு
வாசலில் படுத்து முனகினார்கள்.
ஒருத்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
குஞ்சிதபாதம் ஸ்ட்ரெச்சரை ஓட்டிப் பார்த்து
இடப்பக்கச் சக்கரம் கீச்சிடுகிறது என்றார்.
எண்ணெய் விடுவதாக அறிக்கையில் எழுதினோம்.

ஐப்பசி பதினொன்று, காலை ஆறு நாற்பது.
நடவுக்குப் போன குட்டியானை
முள்ளியாற்று வளைவில் வாய்க்காலுக்குள் கவிழ்ந்தது.
சரக்கு ஏற்றும் வண்டி.
முப்பத்திரண்டு பேர்.

திருத்துறைப்பூண்டிக்கு அவர்கள் வந்து சேரப் பதினேழு நிமிடம்.
காய்ச்சல் வார்டில் நடக்க முடிந்தவர்களை நடக்கச் சொன்னேன்.
ட்ரிப்ஸ் பாட்டிலைத் தாங்களே உயர்த்திப் பிடித்துக்கொண்டு
வராந்தாவுக்குப் போனார்கள், திருவிழாவில் விளக்கு ஏந்துகிறவர்கள் மாதிரி.
ஜன்னல் கம்பிகளில் காஸ் துணி கட்டிச் சலைன் மாட்டினோம்.
இரவுப் பணி முடித்துக் கிளம்பிய டாக்டர் சுல்தானா
கேட்டருகே ஸ்கூட்டியைத் திருப்பினார்.
பிரசவ வார்டின் கதவை மட்டும் சாத்தினோம்.
உள்ளே ஒருத்தி முக்கிக்கொண்டிருந்தாள்,
அவளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம்.

ஒத்திகையில் யாரும் நினைக்காதது, சேறு.
வந்த எல்லோருக்கும் ஒரே முகம்.
ரத்தம் எது, வண்டல் எது?
வாளியும் மக்கும்தான் முதல் சிகிச்சை.
கழுவக் கழுவ
ஒரு நெற்றி,
ஒரு மூக்குத்தி,
ஒரு எலும்பு.

கத்துகிறவளிடம் மூச்சு இருக்கிறது,
கத்தாதவளிடம் முதலில் போ.
பயிற்சியில் இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன்.
"எம் பொண்ணப் பாரும்மா" என்று
கோட்டைப் பிடித்த கையை விரல் விரலாகப் பிரிப்பதை
யாரும் சொல்லித்தரவில்லை.

சிவப்பு ஆறு. மஞ்சள் ஒன்பது.
பச்சை பதினாறு, புங்க மரத்தடியில்.
நாற்றுமுடியை இன்னும் கைவிடாத ஒருத்தி.
தூக்குச்சட்டியைத் தேடும் செல்லக்கிளி.
"நீங்க பாருங்க சிஸ்டர். நாங்க கடைமடைக்காரங்க.
தண்ணிக்கே காத்துக் கெடக்கோம்,
டாக்டருக்குக் காக்க மாட்டமா?"

பச்சை மஞ்சளாவது வயலில் நல்ல சேதி.
ஒன்பதரைக்கு இரண்டாம் சுற்று வந்தேன்.
செல்லக்கிளி மரத்தில் சாய்ந்து பேசாமல் இருந்தாள்.
பேசாமல் இருந்தாள், செல்லக்கிளி.
வயிறு பலகை, நாடி நூல்.
பச்சையை வெட்டிச் சிவப்பைக் கட்டினேன்,
மஞ்சளுக்கு நேரமில்லை.
கீச்சிட்டுக்கொண்டே ஓடியது ஸ்ட்ரெச்சர்.
திருவாரூர் வண்டியில் ஏற்றும்போது
"என் சட்டி" என்றாள்.
பிழைத்துக்கொண்டாள்.

முப்பத்திரண்டாவது ஆளைக் கடைசியாகக் கழுவினேன்,
எக்ஸ்ரே அறைக்குப் பின்னால்.
இருபது வயது இருக்கும்.
தோடு அடகில் போலும், காதில் ஈர்க்குச்சி.
அபிநயா என்று பிறகு தெரிந்தது.
மணிக்கட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.
கட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

கார்த்திகையில் தணிக்கைக்காரர் வந்தார்.
ஆள் முப்பத்திரண்டு,
செலவான ரிப்பன் துண்டு முப்பத்திரண்டு.
"இவ்வளவு சுத்தமா கணக்கு வெச்சிருக்கீங்களே" என்று
கையெழுத்தைச் சுழித்தார்.
செல்லக்கிளிக்கு இரண்டு என்று
நான் சொல்லவில்லை.
தேநீர் வந்தது, குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஒத்திகைக்குச் சீட்டு எழுதிவிட்டேன்:
வாளி பன்னிரண்டு.
ரிப்பன் சுருள் நான்கு.
சக்கர எண்ணெய் ஒரு குப்பி, பட்டியலில் வேண்டாம்,
என் காசில் வாங்கியாயிற்று.